ஓக் பில்நாம் தட்டிய கதவுகள்

ஓக் பில்நாம் அக்காவுக்கு முன்னால் அந்த வீட்டில் மூன்று பெண்கள். நான்காவதும் பெண்ணாகப் போனதும் அவர் அப்பா வைத்த பெயர் பில்நாம். அடுத்தது கட்டாயம் பையன் என்று அர்த்தம். பெயர் பலித்தது. இரண்டே வருடத்தில் தம்பி சாங்டே பிறந்தான்.

"என் பேர்ல நான் எங்க இருக்கேன்? அவன்தான் இருக்கான்," என்று அக்கா சொல்வார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

மாசான் துறைமுகத்திலிருந்து படகில் இரண்டு மணி நேரம் போனால் வரும் தீவு அவர்கள் ஊர். பத்தொன்பது வயதில் மாசானுக்கு வந்து, ஏற்றுமதி வளாகத்தில் ஒரு ஜப்பானிய ரேடியோ கம்பெனியில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். பதினேழு வருடம் ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் சாங்டே தொழிற்பள்ளி முடித்துக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் ஆனான். 1989இல் அறுவடைத் திருநாள் விடுமுறை முடிந்து பெண்கள் வேலைக்குத் திரும்பியபோது கம்பெனி கேட்டில் பூட்டுத் தொங்கியது. முதலாளிகள் ஜப்பானுக்கே போய்விட்டிருந்தார்கள். பெண்கள் நான்கு மாதம் அந்த வாசலிலேயே உட்கார்ந்தார்கள். பனி வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டு எழுத வந்தவர் பியோ ஜுன்கில் சார். எங்கள் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தொடங்கிய புதிது அப்போது. அவருக்கும் நாற்பது வயதுதான். அக்காவின் வாடகை அறையில் உட்கார்ந்து கேள்வி கேட்டாராம். அந்த நாளைப் பற்றி அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு மணி நேரம், தங்கச்சி. நடுவுல ஒரு தடவகூட அந்த மனுஷன் வாட்சைப் பாக்கல. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. முப்பத்தேழு வயசு ஆச்சு, என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. சாப்பிட்டியான்னு கேப்பாங்க. சம்பளம் வந்துச்சான்னு கேப்பாங்க."

நான் 1996இல் அந்தத் துறையின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குள் அக்கா அந்தத் துறையின் ஆளாகவே ஆகியிருந்தார். நகரத்தின் மேற்கில் யாங்ஜி மேடு என்றொரு மலைச்சரிவுக் குடியிருப்பு. அங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளை எடுத்துக்கொண்டு, வருடா வருடம் அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேட்பது பியோ சாரின் திட்டம். ஒரு ஊர் எப்படி மாறுகிறது என்பதை ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பார். முதல் வருடம் மாணவர்களை அனுப்பியிருக்கிறார். பாதிக் கதவுகள் திறக்கவில்லை. திறந்த கதவுகளும் கடன் வசூலுக்கு வந்தவர்கள் என்று நினைத்துச் சாத்தப்பட்டன. அப்போதுதான் அவருக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. அக்கா அதற்குள் கம்பெனிக் காலத்துச் சேமிப்பில் அதே மேட்டில்தான் ஒரு சிறிய ஓட்டு வீட்டை வாங்கிக் குடியிருந்தார்.

பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இலையுதிர்காலம் வந்தால் ஆறு வாரம் சாயங்காலங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் கதவு தட்டுகிற வேலை. புதிதாக வரும் மாணவர்களுக்கு அவர் சொல்வதைக் கேட்க நான் வேண்டுமென்றே அலுவலகக் கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

"கதவுக்கு நேரா நிக்காத. ஒதுங்கி நில்லு. பேப்பரை முதல்லயே காட்டாத, கரண்ட் ஆபீஸ்னு நினைச்சுருவாங்க. நாய் இருந்தா அதுகிட்ட முதல்ல பேசு. அப்புறம், 'உங்க வாழ்க்கைல திருப்தியா'ன்னு கேக்கறப்ப மூஞ்சிய அப்படித் துக்கமா வச்சுக்காத. எழவுக்கு வந்த மாதிரி இருக்கு."

கேள்விகள் நாற்பது. அவற்றில் பதினேழாவது: உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஒரு வருடம், தனியாக இருந்த மா என்கிற பெரியவர் அந்தக் கேள்விக்கு, "உன்னைத்தான். வேற யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டார். கேட்பவரின் பெயரைப் பதிலாக எழுதக் கூடாது என்பது விதி. அக்கா அலுவலகத்துக்கு வந்து சாரிடம் கேட்டார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, யாருமில்லை என்று எழுதச் சொன்னார். அக்கா எழுதினார். ஆனால் அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் வந்தார். சாரிடம் அதைச் சொல்லவில்லை. ஆராய்ச்சி கெட்டுப்போகும் என்று பயம்.

ஒவ்வொரு வீட்டிலும் முதல் கேள்விக்கு முன்னால் அவர் ஒன்று சொல்வார். "உங்க பேர் எங்கயும் வராது. பேர் இருக்கற இந்த முதல் பக்கத்தைத் துறையைத் தவிர யாரும் பாக்க மாட்டாங்க. இது என் வார்த்தை." கடைசி மூன்று சொற்கள் துறை எழுதிக் கொடுத்ததில் கிடையாது.

2011இல் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. யாங்ஜி மேட்டின் கீழ்ப்பகுதியை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு கம்பெனி எடுத்தது. அதில் அக்காவின் வீடும் போனது. அதே கோடையில், கணக்கெடுப்புக்கு வந்துகொண்டிருந்த ஆராய்ச்சி நிதி நின்றது. பியோ சார் அக்காவைக் கூப்பிட்டு, இருபது வருடம் போதும், இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். அக்கா கிளம்பிப் போனார்.

இரண்டு வாரம் கழித்து, நல்ல மழை நாளில், துணிப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பாஸ்புக் என்று வந்து நின்றார். வீட்டுக்கு வந்த இழப்பீட்டையும் சேமிப்பையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு கோடி வொன்.

சார் பாஸ்புக்கைத் தொடவே இல்லை. "பில்நாம், உங்களுக்கு என்ன பைத்தியமா? இதை வச்சு ஒரு நல்ல வீடு பாருங்க."

"எனக்கு ஒரு ரூம் போதும், சார். பாத்துட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல."

"வயசான காலத்துல?"

"வயசான காலத்துல சமைக்கத் தெரிஞ்சவளுக்கு வேலை கிடைக்கும். நீங்க கவலப்படாதீங்க. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வருஷா வருஷம் கதவைத் தட்டணும். நிறுத்தக் கூடாது."

"அது வெறும் கணக்கெடுப்புதானே..."

"உங்களுக்கு வெறும் கணக்கெடுப்பு. அவங்க அந்த மாசம் வந்தா எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க, சார். போன வருஷம் சொன்னதை நான் ஞாபகம் வச்சிருக்கேனான்னு பாக்கறாங்க. நம்ம போகலைன்னா அந்த மேட்டுல அவங்கள யாரு என்னன்னு கேக்கறது?"

சார் அழுதார் என்று சொல்ல மாட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபடியே, நன்கொடைப் படிவத்தை எடுத்து வரச் சொன்னார்.

நன்கொடைப் படிவத்தை நிரப்பியது நான். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் சட்ட பாஷை ஓடாது. எந்த இடத்தில் முத்திரை குத்த வேண்டும் என்று நான் விரலால் காட்டினேன். கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் தன் மர முத்திரையை அவர் ஊதி ஊதிக் குத்தினார். ஒன்பதாவது வரியில் நின்றார்.

"இது என்ன, தங்கச்சி? 'துறை இல்லாமற் போகும் பட்சத்தில்'னு இருக்கே."

"எல்லாப் படிவத்துலயும் இருக்கறதுதான், அக்கா. சும்மா."

அவர் என்னை நம்பிக் குத்தினார். துறை இல்லாமல் போனால் நிதியை எங்கே சேர்ப்பது என்பதைப் பல்கலைக்கழகத் தலைவர் முடிவு செய்வார் என்று அந்த வரி சொன்னது. எனக்கு அது தெரியும். அப்போது மணி பன்னிரண்டு, கேண்டீனில் சூடான நூடுல்ஸ் தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் மனதில் இருந்தது அவ்வளவுதான். இப்போது பொய் சொல்ல விரும்பவில்லை.

பல்கலைக்கழகம் விழா எடுத்தது. ஆளுயரத்துக்கு அட்டையில் ஒரு காசோலை செய்து அக்கா கையில் கொடுத்தார்கள். போட்டோவில் அதற்குப் பின்னால் அவர் தலை மட்டும்தான் தெரிந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்த மறுநாள் சாங்டே வந்தான். கப்பல் தளத்துச் சீருடையோடு நேராக எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"யாருய்யா இங்க பியோ? எங்கக்கா ஆறாங்கிளாஸ்கூட முடிக்கல. அவகிட்ட வீட்டைப் பிடுங்கித்தான் உங்க ஆபீஸ் நடக்கணுமா?"

"நாங்க கேக்கலைங்க," என்றேன்.

"கேக்காமயே கொடுக்கறவகிட்ட வாங்கறதுதாம்மா பெரிய திருட்டு."

சார் உள்ளேயிருந்து வந்து குனிந்து நின்றார். சாங்டே அவரை அடிப்பான் என்று பயந்தேன். அதற்குள் யார் சொன்னார்களோ, அக்கா சமையலறை ஏப்ரனோடு மூச்சிரைக்க ஓடி வந்துவிட்டார்.

"டேய், வெளிய வாடா."

"அக்கா, அது உன் வீடு! பதினேழு வருஷம் ஈயப் புகை குடிச்சு..."

"ஆமா, என் வீடு. உன் படிப்புக்குக் கொடுத்தப்ப யாரும் வந்து சத்தம் போடல. அதை மட்டும் யோசி."

அவன் திரும்பி வெளியே நடந்தான். போகும்போது கதவைச் சாத்தின சத்தத்தில் சுவரில் இருந்த நாள்காட்டி கீழே விழுந்தது. பிறகு மூன்று வருடம் அக்காவோடு அவன் பேசவில்லை. திருநாளுக்கு அவன் வீட்டிலிருந்து வரும் பேரிக்காய்ப் பெட்டியும் நின்றது.

கணக்கெடுப்பு தொடர்ந்தது. ஆனால் மேடு கரைந்துகொண்டே வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் நூற்றைம்பது ஆயின, பிறகு தொண்ணூற்றேழு ஆயின. செத்தவர்கள், பிள்ளைகளோடு போனவர்கள், இடம் சொல்லாமல் போனவர்கள். மா பெரியவரும் ஒரு ஜனவரியில் போய்விட்டார். இடம் மாறிப் போனவர்களை அக்கா பஸ் பிடித்துத் தேடிப் போவார். புசானில் ஒரு முதியோர் மருத்துவமனைவரை போய்ப் பதினைந்து கேள்வி கேட்டுவிட்டு வந்தார். மீதிக்குள் அந்தப் பெண்மணி தூங்கிவிட்டாராம். பியோ சார் 2013இல் ஓய்வு பெற்று சியோலில் மகளோடு போய் இருந்தார். அவர் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. ஐந்து பேராசிரியர்கள் இருந்த துறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் பதினொரு பேர். அவர்களில் நான்கு பேர் முதல் வருடம் முடிவதற்குள் வேறு ஊருக்கு மாறினார்கள். படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று ஒவ்வொரு துறையாகக் கணக்குப் பார்த்துப் பட்டியல் ஒட்டினார்கள். கடைசி வரியில் நாங்கள்.

2015 இலையுதிர்காலக் கணக்கெடுப்பைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள்; டிசம்பரில் அறிவிப்பு வந்தது. சமூகவியல் துறையை மூடி, எதிர்காலத் தொழில் என்ற பெயரில் ஒரு புதிய பிரிவோடு சேர்க்கிறார்கள். அங்கே கற்பிப்பது அழகு சாதன விற்பனையும் தரவு நிர்வாகமும். நிதி அந்தப் பிரிவின் உதவித்தொகைக்குப் போகும். ஒன்பதாவது வரியின்படி.

அக்காவிடம் சொல்ல வேண்டியது நான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மீன் கடை மாடியில் அவர் அறை. படிகளில் எப்போதும் ஈரம். உள்ளே ஒரு பெரிய பேசின் நிறையப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பள்ளியில் ஓய்வு கொடுத்த பிறகு ஊறுகாய்க் கடைக்காகச் செய்கிற வேலை. நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"அப்ப இந்த வருஷம் போக முடியாதா?"

"இனிமே எந்த வருஷமும் கிடையாது, அக்கா."

"பாரம் மட்டும் கொடுத்தா நான் சும்மா போறேன். கூலி வேண்டாம்."

"வாங்கி வைக்க துறையே இல்லையே."

பூண்டைக் கீழே வைத்தார். "அன்னிக்கு அந்த வரியைக் கேட்டனே. சும்மான்னு சொன்னியே."

"ஆமா."

"தெரிஞ்சா சொன்ன?"

"தெரியும், அக்கா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் எனக்கு பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். "வெளிய பனி வர்ற மாதிரி இருக்கு. கிளம்பு, தங்கச்சி. படில வழுக்கும்," என்றார்.

சியோலுக்கு பியோ சாரை அழைத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்டது. "எனக்கு ஒரு மாசமாத் தெரியும். தலைவருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரல," என்றார். பிறகு, "அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "எதுவும் சொல்லல, சார்," என்றேன். போனை அவர் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

ஜனவரியில் திட்டத்துறை டீன் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், மரியாதை தெரிந்தவர். ஜின்செங் டீ கொடுத்தார். புதிய பிரிவின் ஓய்வறையில் சாய்வு நாற்காலி ஒன்றில் அக்காவின் பெயரைப் பித்தளையில் பதிக்கப் போவதாகச் சொன்னார்.

"நாற்காலியா?" என்றார் அக்கா.

"மாணவர்கள் உட்காரும்போதெல்லாம் உங்களை நினைச்சுப்பாங்க, அம்மா."

"எம்மேல உக்காந்துகிட்டா?"

டீன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. "நாற்காலி வேண்டாங்க. பணத்தையும் திருப்பிக் கேக்க வரல. அந்தப் பாரமெல்லாம் எங்க இருக்கு?"

இருபத்து நான்கு வருடக் கேள்வித்தாள்களும் அடித்தளக் கிடங்கில் நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளில் இருந்தன. பதில்களை எண்களாக மாற்றிக் கணினியில் ஏற்றியாகிவிட்டது; சியோலில் ஒரு தரவுக் காப்பகம் அவற்றைப் பெற்றுக்கொண்டது. கிடங்கில் ஜிம் கட்டப் போகிறார்கள். காகிதத்தை மாத முடிவில் பழைய பேப்பர்காரர் லாரியில் வந்து அள்ளிக்கொண்டு போவார்.

"அப்படியேவா?" என்றார் அக்கா. "பேரோடயா?"

டீனுக்கு விளங்கவில்லை. பழைய காகிதம், யார் படிக்கப் போகிறார்கள் என்றார்.

"சாமி, அந்த மேட்டுல ஒருத்தி தன் புருஷன் அடிக்கறதை இருபது வருஷத்துல எங்கிட்ட மட்டும்தான் சொன்னா. ஒருத்தர் செத்துப் போகலாம்னு மூணு தடவை யோசிச்சேன்னு சொன்னாரு. எல்லாம் அவங்க பேருக்கு அடுத்த பக்கத்துல இருக்கு. யாரும் பாக்க மாட்டாங்கன்னு நான் வார்த்தை கொடுத்திருக்கேன். நீங்க கொடுக்கல. நான் கொடுத்தேன்."

முதல் பக்கங்களை மட்டும் கிழித்து அழிக்க டீன் அனுமதி கொடுத்தார். ஆனால் ஆள் தர முடியாது என்றார்.

ஒன்பது நாள் ஆனது. கிடங்கில் ஹீட்டர் கிடையாது. அக்கா காலையிலேயே வந்து, ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். நான் என் வேலை முடிந்து மத்தியானம் போவேன். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கி, முதல் பக்கத்தைக் கிழித்து, காகிதம் நறுக்கும் இயந்திரத்தில் போட வேண்டும். அலுவலகத்து இயந்திரம் இரண்டாவது நாளே சூடாகி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கையால்தான். ஆரம்பத்தில் நான் மள மளவென்று கிழித்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"மெதுவா. பேர் நடுவுல கிழியற மாதிரி கிழி. பக்கத்துல இருக்கற துண்டோட சேர்த்து வச்சா படிக்க முடியக் கூடாது."

பெட்டிகளை வருடப்படி எடுத்தோம். 1991, 1992 என்று. சில தாள்களில் அவர் கை கொஞ்சம் நிற்கும். "இவங்க புளிச்ச முள்ளங்கி நல்லாப் போடுவாங்க," என்பார். "இந்தப் பையன் அப்ப தொட்டில்ல இருந்தான், 2009ல அவனே பதில் சொன்னான்," என்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆறாவது நாள் அவர் விரல்களில் வெடிப்பு விட்டு ரத்தம் வந்தது. பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, "அக்கா, மீதிய நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"உனக்கு இவங்கள யாருன்னே தெரியாதே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

எட்டாவது நாள் நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒன்பதாவது வரிக்காக. கிழித்துக்கொண்டே கேட்டேன், அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"நீ சொல்லியிருந்தாலும் குத்தியிருப்பேன்," என்றார். "துறை இல்லாம போகும்னு யாரு நம்புவா? கட்டடம் கல்லுல இல்ல கட்டியிருக்கு?" கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சொல்லியிருக்கணும்," என்றார்.

லாரி வந்தது. பெயரில்லாத தாள்களை ஏற்றிக்கொண்டு போனது. கிழித்த துண்டுகளை நான்கு மூட்டையாகக் கட்டி, மீன் கடைக்காரரிடம் கேட்டு, அவருடைய இரும்பு டிரம்மில் போட்டு அக்கா எரித்தார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாங்ஜி மேட்டுக்குப் போகலாம், வா என்றார். கீழே அடுக்குமாடிகள் இருபத்தைந்து மாடிக்கு நின்றன. அவற்றைத் தாண்டி மேலே ஏறினால், மீந்திருந்த வீடுகளிலும் பாதியின் சுவரில் சிவப்புப் பெயிண்ட்டில் எண் போட்டிருந்தது. அவையும் இடிபடப் போகின்றன. அக்கா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் பை இல்லை. ஒவ்வொரு கதவிலும் ஒதுங்கி நின்று, தட்டி, ஒரே விஷயத்தைச் சொன்னார்: கணக்கெடுப்பு முடிந்துவிட்டது, இனிமேல் வர மாட்டோம், இத்தனை வருடம் பதில் சொன்னதற்கு நன்றி. உங்கள் பெயர் இருந்த பக்கத்தை என் கையால் அழித்துவிட்டேன்.

சிலர் தலையாட்டினார்கள். ஒரு பெண், "அப்ப துண்டு கிடைக்காதா?" என்று கேட்டாள். பதில் சொல்பவர்களுக்குத் துறை ஒரு முகத் துண்டு கொடுப்பது வழக்கம். பல கதவுகளில் பதில் இல்லை. சில வீடுகளுக்குக் கதவே இல்லை.

உச்சியில் சோ யாங்பே என்கிற அம்மா. முன்பு சந்தையில் டோஃபு விற்றவர், எண்பத்து மூன்று வயது. பார்வை மங்கிவிட்டது. அக்காவின் குரல் கேட்டதும், "ஏண்டி, இந்த வருஷம் இவ்வளவு லேட்டு? இலையெல்லாம் உதிர்ந்து திரும்பத் துளிர்க்கப் போகுது," என்றார்.

"இல்லம்மா, அது முடிஞ்சு போச்சு. சொல்லிட்டுப் போகத்தான்..."

"வா, உள்ள வா. ஹீட்டர் போட்டிருக்கேன். கேளு."

அக்கா இரண்டாவது முறையும் சொன்னார். அந்த அம்மா காதில் வாங்கவில்லையோ, வாங்க விரும்பவில்லையோ, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் உட்காருவாராம். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய் எதிரில் உட்கார்ந்தார்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இருந்ததைவிட இப்ப உங்க வாழ்க்கை எப்படி இருக்கு? ரொம்ப நல்லா இருக்கு, கொஞ்சம் நல்லா இருக்கு, அப்படியே இருக்கு, மோசம், ரொம்ப மோசம்?"

"அப்படியேன்னு போடு. மோசம்னு சொன்னா நீ வருத்தப்படுவ."

"உண்மையைச் சொல்லுங்கம்மா."

"அப்ப மோசம்."

நாற்பது கேள்வியையும் காகிதம் இல்லாமல் கேட்டார். ஒன்றும் விடவில்லை. வரிசை மாறவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லாததால் அவர் வலது கை முழங்காலின்மேல் சும்மா கிடந்தது. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் விரல் கொஞ்சம் அசைந்தது. முடிவில் அந்த அம்மா, "அடுத்த வருஷம் சீக்கிரம் வா," என்றார். அக்கா, "சரிம்மா," என்றார்.

அக்கா முன்னால் இறங்கினார். அடுக்குமாடி வாசலில், முன்பு அவர் வீடு இருந்த பக்கம் என்று நினைக்கிறேன், நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டார். "பொய் சொல்லிட்டேன்," என்றார். "இருபத்து நாலு வருஷத்துல அந்த மேட்டுல ஒரு பொய் சொன்னதில்ல."

அதற்குப் பிறகு அக்கா அந்தப் பக்கம் போனதாகத் தெரியவில்லை. பூண்டு உரித்தார். நான் சேர்க்கைப் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். மாதம் ஒருமுறை ஏதாவது வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். முதலில் நன்றாகப் பேசினார். பிறகு டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், நாங்கள் இருவரும் அதைப் பார்ப்போம். நான் ஏதாவது கேட்டால், "தெரியல" என்பார். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். 2018இல் நுரையீரலில் நோய் என்று தெரிந்தது. சால்டரிங் புகையா என்று டாக்டரிடம் கேட்டேன். இத்தனை வருடம் கழித்து எதனால் என்று யார் சொல்ல முடியும் என்றார். சாங்டே வந்து மருத்துவமனையில் சேர்த்தான். கப்பல் தளத்தில் ஆள் குறைத்தபோது அவனுக்கும் வேலை போயிருந்தது, அதனால் கூடவே இருக்க முடிந்தது. பழைய சண்டையைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. மறு வருடம் பிப்ரவரியில் அக்கா இறந்தார். அறுபத்தாறு வயது.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் துக்க மண்டபம். அங்கே இருந்ததிலேயே சின்ன அறை. பல்கலைக்கழகத்திலிருந்து வெள்ளைச் செவ்வந்தி வளையம் வந்தது. ரிப்பனில் புதிய பிரிவின் பெயர் இருந்தது. பியோ சார் வரவில்லை; மகள் கணக்கிலிருந்து துக்கப் பணம் அனுப்பியிருந்தார். பழைய மாணவர்கள் மூன்று பேர் வந்து கும்பிட்டுவிட்டு, அங்கே பரிமாறிய காரமான மாட்டிறைச்சி சூப் சாப்பிட்டார்கள். ஒருவன் இன்சூரன்ஸில் இருப்பதாகச் சொன்னான்.

தகனம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மத்தியானம் மூன்று மணி வாக்கில், சாங்டே என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான். கறுப்புக் கோட்டு இரவல் போலிருந்தது. தோள் இறங்கித் தொங்கியது. எனக்கு சோஜு மது ஊற்றினான், தனக்கும் ஊற்றிக்கொண்டான்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காத. இந்த சமூகவியல்னா என்ன?"

இருபது வருடம் அந்த அலுவலகத்தில் இருந்தவள் நான். மனிதர்கள் சேர்ந்து எப்படி வாழ்கிறார்கள் என்று படிப்பது என்று தொடங்கினேன். ஏழ்மை, குடும்பம், வேலை, ஊர் என்று ஏதேதோ சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான். நடுவில் ஒருமுறை தலையாட்டினான்.

"அதுக்குப் படிப்பு எதுக்கு?" என்றான் கடைசியில். கேலியாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. நான் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு கோப்பையைக் காலி செய்துவிட்டு, தீவுக்குப் போகும் நான்கரைப் படகு போய்விடக் கூடாதென்று, அக்காவின் சாம்பலை எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்று விசாரிக்கக் கவுண்டருக்குப் போனான்.